பின்னச்சின் மேல் ஐம்பத்தெட்டு கிலோ

2023 நவம்பரில் ஒரு சனிக்கிழமை நொயலின் கார் ஐம்பத்தெட்டு கிலோ குறைந்தது. அந்தக் கிழமை அவன் அதிலிருந்து எடுத்து எறிந்தது ஒரு சிறிய மிளகாய்த்தூள் பொட்டலம் மட்டுமே. ஆஸ்திரேலியாவில் டூங்கபிக்குப் பக்கத்துக் குப்பை நிலையத்தின் வாகனத் தராசுக்கு இருபது கிலோவுக்குக் குறைந்த வித்தியாசம் தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு கிலோவும் தெரிந்தது. எடை எழுதிய துண்டை நீட்டிய பெண், தராசில் பழுதில்லை என்றும் பின்னால் வண்டிகள் நிற்கின்றன என்றும் சொன்னாள்.

கார் 1977ஆம் ஆண்டு ஃபால்கன். எட்டு சிலிண்டர். கலியாணத்துக்கு முன் ஆசைப்பட்டு வாங்கியது. அந்த ஏப்ரலில் ஒரு மத்தியானம் அவன் மனைவி மோனிகாவுக்கு ஆஸ்துமா முற்றியது. அம்புலன்ஸ் வரும்வரை அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது. அவளை இரண்டு கைகளிலும் தூக்கிக் காரில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். பதினாறு நிமிடம் எடுத்தது. பத்து நிமிடத்தில் வந்திருந்தால் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொண்டான். அங்கே எழுதிய அட்டையில் வயது முப்பத்திரண்டு, எடை ஐம்பத்தெட்டு என்று இருந்தது. அவள் இறந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை ஆறு வயது மகள் அஞ்சலிக்கும் அதே இழுப்பு தொடங்கியது. அதன்பின் நொயல் அவள் அறை வாசலில் கதிரை போட்டுத் தூங்கினான். அவள் மூச்சு ஒரு கணம் பிந்தினால் எழும்பினான். கார்ச் சாவி எப்போதும் சட்டைப்பையில் இருந்தது.

எதிர்வீட்டு வரதராஜா செவன் ஹில்ஸில் ஒரு ரயர் கடையில் வேலை செய்தான். நொயலின் வயதுதான். பத்து நிமிடத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று நொயல் சொன்னபோது, "ஒரு கொரோலா எடுத்தால் உன்ர மரியாதை குறைஞ்சிடுமோ?" என்று முதலில் கேட்டான். வாடகை போனால் மிச்சம் என்ன என்பது வரதராஜாவுக்கும் தெரியும். "சரி விடு மச்சான். காசில்லாதவன் இஞ்சினைத் தொடக்கூடாது. பாரத்தைக் கழட்டு. கழட்டுறதுக்குக் காசில்லை."

நொயல் கழற்றினான். முதலில் உதிரிச் சில்லு. பிறகு தரைவிரிப்பு, அதன் கீழே சத்தத்தை அடக்க ஒட்டியிருந்த தார்த் தகடு, ஏசி, ரேடியோ, பின் இருக்கை. பழைய கார்களை உடைத்து விற்கும் யார்ட்டிலிருந்து வேறு பல்சக்கரங்கள் வாங்கிப் பின் சில்லுகளைச் சுழற்றும் பின்னச்சில் மாட்டினார்கள். இஞ்சின் அதேதான், ஆனால் புறப்படும் வேகம் கூடியது. ஒவ்வொரு சனியும் குப்பையோடு காரையும் தராசில் எடை பார்த்தான். ஒவ்வொரு திங்களும் மகளைப் பள்ளியில் விட்டபின் வீட்டுக்கு வந்து, வாசலிலிருந்து ஆஸ்பத்திரிவரை ஓட்டிப் பார்த்தான். பதின்மூன்று நிமிடம். பன்னிரண்டு. பத்தரை. அதற்குமேல் குறையவில்லை. கழற்றவும் ஒன்றும் மிஞ்சவில்லை. டிக்கியின் மூலையில், பின்னச்சுக்கு மேலே, அந்தப் பொட்டலம் மட்டும் கிடந்தது. மிளகாய்த்தூள் என்று மோனிகாவின் கையெழுத்து. அவன் அதைச் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டான். அவன் கைக்கு அது பாரமாக இல்லை. அந்த மாதங்களில் அவன் கைக்கு எதுவுமே பாரமாக இருக்கவில்லை.

அதற்குள் இருந்தது மன்னார் மடு மாதா கோவில் மண். கலியாணத்துக்கு அடுத்த ஆவணித் திருவிழாவுக்கு ஊருக்குப் போன மோனிகா ஒரு கைப்பிடி அள்ளி வந்தாள். ஆஸ்திரேலியாவுக்குள் மண் கொண்டுவரக்கூடாது. அதனால் தூளென்று எழுதி, தூளுக்குள் வைத்து, விமான நிலையத்தைக் கடந்து, காரின் டிக்கியில் வைத்தாள். நொயல் படிவங்களில் பொய் எழுதாதவன். அவனிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடமும், பிறகு தன் அக்கா பேர்ளிடமும் சொன்னாள். மடு மண் இருக்கும் இடத்தில் விஷம் ஏறாது, வாகனம் பிரளாது என்பது மன்னாரில் எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த திங்கள் ஆஸ்பத்திரிக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. நொயல் மகிழ்ந்தான். பிறகு பயந்தான். பிரேக்கை மிதித்தால் சில்லுகள் நின்றன, கார் நிற்கவில்லை. ஈர வீதியில் அதன் ரயர் அடையாளம் விழவில்லை. வீதிக்கும் ரயருக்கும் இடையில் ஒரு தீப்பெட்டி அளவு வெளிச்சம் தெரிந்ததாக பக்கத்து வீட்டுச் சந்திரகலா சொன்னார். வரதராஜா ஒருமுறை கூட ஏறினான். இறங்கியதும் வீதியோரப் புல்லை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தான்.

அதே கிழமை நகரசபை லொறியின் இரும்புக் கை சிவப்புத் தொட்டியைத் தூக்க மூன்று முறை முயன்று, முடியாமல் விட்டுப் போனது. முதியோர் இல்லத்து வேலை முடிந்து நொயலின் வீட்டுக்குச் சமைக்க வந்த பேர்ள் தொட்டிக்குள் பார்த்தாள். பொட்டலத்தை அவளும் வரதராஜாவும் ஒரு போர்வையில் வைத்துக் குசினிக்கு இழுத்தார்கள். அரிசிப் பைக்குப் பின்னால் மறைத்து வைத்ததும் தரைக்கல் வெடித்தது.

"நொயலுக்குச் சொல்லாதை," என்றாள் பேர்ள். "ஏற்கெனவே பயந்துபோய் நிக்கிறான்."

டிசம்பரில் ஒரு பிற்பகல் புயல் அடித்தது. மூன்றரை மணிக்கு அஞ்சலியின் உதடு நீலமாகியது. மூச்சு மருந்துப் பம்பு உதவவில்லை. "அப்பா, ஐ கான்ட்..." என்றவள் முடிக்கவில்லை. பேர்ள் தொலைபேசியில் கத்தினாள். "மரம் விழுந்து வழி மறிச்சிருக்காம். அம்புலன்ஸ் வர இருபத்தைஞ்சு நிமிசமாம்!" நொயல் மகளை முன் இருக்கையில் கட்டிச் சாவியைத் திருப்பினான். இஞ்சின் உறுமியது. சில்லுகள் சுழன்றன. கார் போகவில்லை. வாசலில் ஒரு சாண் உயர்ந்து, காற்றுக்கு மெல்லத் திரும்பியது. மழை அதன் கீழாலும் போனது. அவன் எட்டு மாதமாகப் பயந்த நிமிடங்கள் வந்துவிட்டன. கார் காற்றில் நின்றது.

"பின்னுக்குப் பாரமில்லையடா! ரயருக்குப் பிடிக்க ஒண்டுமில்லை!" வரதராஜா ஓடிவந்து கூரையின் பின்விளிம்பில் ஏறிக் குந்தினான். அவன் தொண்ணூறு கிலோ. கார் அவனையும் சேர்த்துத் திரும்பியது.

பேர்ள் கண்ணாடியில் தட்டினாள். "நொயல், மோனிகா குசினியிலை இருக்கிறாள்."

அவன் எட்டிக் குதித்து உள்ளே ஓடினான். அரிசிப் பைக்குப் பின்னால் பொட்டலத்தைக் கண்டான். ஒரு கையால் எடுக்கப் பார்த்தான். அசையவில்லை. பிறகு குனிந்து, இரண்டு கைகளையும் கீழே கொடுத்து, ஏப்ரலில் தூக்கியது போலவே தூக்கினான். அதே பாரம். அதே இடத்தில் முதுகு வலித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அழுதான், ஆனால் நிற்கவில்லை. உயரத்தில் நின்ற டிக்கிக்குள், பின்னச்சுக்கு மேலே வைத்தான். ஸ்பிரிங் முனகியது. கார் தரையில் உட்கார்ந்தது. வரதராஜா இறங்குவதற்குள் அது வீதியின் முனையைக் கடந்தது. அவன் புல்லில் விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

ஆறு நிமிடம் எடுத்தது. அஞ்சலி மூன்று நாள் இருந்து வீட்டுக்கு வந்தாள்.

அதன்பின் அந்தக் கார் பறக்கவில்லை. நொயல் பின் இருக்கையைத் திரும்பப் பூட்டினான், மற்றவை யார்ட்டுக்குப் போய்விட்டன. பயம் போகவில்லை. கதிரை இன்னும் வாசலில்தான், ஆனால் சில இரவுகள் அவன் விடியும்வரை தூங்குகிறான். வருடாந்தச் சோதனைக்குக் காரை எடுத்துப் போனால் சோதனைக்காரர் டிக்கியைத் திறந்து, பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து, முடியாமல், சரி என்று கையொப்பமிடுகிறார். வேகத்தடை வரும்போது அஞ்சலி பின்னால் திரும்பி, "அம்மா, பம்ப்" என்று சொல்லிவைக்கிறாள்.

இப்போதும் சனிக்கிழமைகளில் நொயல் குப்பை கொண்டுபோகிறான். தராசு காரின் எடைக்கு மேல் ஐம்பத்தெட்டு கிலோ கூடக் காட்டுகிறது. போன நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த கிழமை ஐம்பத்தொன்பது காட்டியது. துண்டை வரதராஜாவிடம் காட்டினான்.

"கேக் சாப்பிட்டிருப்பாள்," என்றான் வரதராஜா.