முறைத் தண்ணீர்

தோளில் கறுப்பு சிவப்புத் துண்டும் கையில் மைக்கும் இருந்தால் துரைராசு சிங்கம்தான். நீடாமங்கலம் கடைத்தெருவில் அவன் சாதி ஒழிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வெற்றிலைக் கடைக்காரர்கூட வியாபாரத்தை விட்டுவிட்டுக் காது கொடுப்பார். வீட்டுக்கு வந்தால் பேச்சு மூச்சு இருக்காது. முப்பது வயது ஆண்பிள்ளை எந்தச் சட்டையைப் போட வேண்டும் என்பதை அவன் அம்மா ஞானாம்பாள்தான் எடுத்து வைத்தாள். வெளியில் புலி, வீட்டில் எலி!

அப்படிப்பட்டவன் செவ்வந்தியைக் கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தான். அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழும் தங்கையனின் மகள் அவள். ஒரு காலத்தில் அதே நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம். ஐயர் கிடையாது, மாலை மாற்றித் தாலி கட்டினால் போதும். அதுவே சட்டப்படி செல்லும் என்று ஆகிவிட்ட காலம். வெள்ளிக்கிழமை கட்சி மன்றத்தில் கல்யாணம்.

விஷயத்தைச் சொன்னபோது ஞானாம்பாள் கத்தவில்லை. "உன் இஷ்டம் தம்பி" என்றாள். அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டாமா?

வியாழக்கிழமை காலை இட்லி வைத்துக்கொண்டே, "தங்கையன் வயலுக்குப் போற மடைய அடச்சுட்டு வந்துடு" என்றாள்.

"இன்னிக்குத் தண்ணி அவங்க முறையாச்சே அம்மா. இப்பத்தான் நட்டிருக்காங்க. பயிரு வேர் புடிக்க வேணாமா?"

"குத்தகைக்காரன வெளியேத்தக் கூடாதுன்னு உங்க சர்க்காரு சட்டம் போட்டிருச்சு. சட்டமா வந்து தண்ணி பாய்ச்சப் போவுது? காஞ்சா தானா விட்டுட்டுப் போறான்."

"ஆள அனுப்புங்களேன்."

"நீதான் போவணும்." இன்னொரு இட்லியை அவன் தட்டில் வைத்தாள். "உங்கப்பா போனப்புறம் உனக்காகத்தானே உசுர வச்சிருக்கேன். இந்த ஒண்ணச் செஞ்சுட்டு நாளைக்கு யார வேணா கட்டிக்க."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நிலமும் திரும்பும், பெண்ணும் ஒழிவாள்.

அந்த ஊரில் திருடன் கையால்கூடத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். அடுத்தவன் முறையில் மடையை அடைத்தவன் கையால் ஒரு சொட்டு வாங்க மாட்டார்கள். துரைராசு பிறந்ததிலிருந்து பார்த்து வந்த வழக்கம். தெரிந்தேதான் மண்வெட்டியைத் தூக்கினான். மத்தியானம் போய் யாருக்கும் தெரியாமல் திறந்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

துண்டை வரப்பில் வைத்துவிட்டு, வைக்கோலும் சேறும் போட்டு மிதித்தான். கடைசி மண்கட்டியை வைக்கும்போது வயல் பக்கமிருந்து செவ்வந்தி ஓடி வந்தாள். தண்ணீர் வரத்து நின்றதைப் பார்த்து வந்திருக்கிறாள்.

"நீங்களா?"

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. முழங்கால் சேற்றிலிருந்து ஏறக்கூடத் தோன்றவில்லை.

"அம்மா சொன்னாங்க. மத்தியானம் தொறந்துருவேன்" என்றான்.

அவள் வரப்பில் கிடந்த துண்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இன்னிக்கு மடைய அடைக்கச் சொன்னாங்க, அடச்சீங்க. நாளைக்குக் கட்டுற தாலிய நாளன்னைக்கு அவுக்கச் சொன்னா?"

மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைத்தெருவையே கட்டிப்போட்ட வாய் அசையவில்லை.

"தள்ளுங்க" என்றாள். தள்ளி நின்றான். அவள் இறங்கி, வெறுங்கையால் சேற்றையும் வைக்கோலையும் பிடுங்கி எறிந்தாள். தண்ணீர் அவள் வயலைப் பார்த்துப் பாய்ந்தது. உதவிக்குக் கையை நீட்டலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிட்டது.

"நாளைக்கு நான் மன்றத்துக்கு வரலங்க. நீங்களும் வந்து நிக்காதீங்க."

வீட்டில் மீன் குழம்பு மணத்தது. மடை திறந்ததை அவன் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். சீ, பசித்தது! இரண்டாம் தரம் சோறும் வாங்கிக்கொண்டான்.

ஞானாம்பாளும் தட்டைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "எம்புள்ள எம்பேச்ச என்னிக்குத் தட்டியிருக்கான்?" என்று வாய் நிறையச் சோற்றோடு சிரித்தவளுக்குப் புரையேறியது. கண்ணில் நீர் தளும்ப இருமினாள். துரைராசு பதறி எழுந்து, பானையிலிருந்து செம்பில் மொண்டு நீட்டினான்.

அவள் கை செம்பு வரைக்கும் வந்தது. தொடப் போகும்போது சட்டென்று பின்னால் போய்விட்டது.

"அப்படி வச்சிடு தம்பி" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "நானே மொண்டுக்குறேன்."

இருமிக்கொண்டே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பானையிடம் போனாள். செம்பு அவன் கையிலேயே இருந்தது.