புட்டு மாவு டீம் கலைந்த பிறகு

டீமைக் கலைத்த அன்று மாடி அறையில் கேக் வெட்டினார்கள். "கேரளா முழுக்க நம்ம புட்டு மாவு போகுதுன்னா அதுக்கு இந்த டீம்தான் காரணம்" என்று பொது மேலாளர் நம்பிராஜன் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பர்ச்சேஸ்காரர் பர்ச்சேஸுக்குப் போனார். பேக்கிங்காரர் பேக்கிங்குக்குப் போனார். உமா மகேஸ்வரி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே லேபுக்குப் போனாள்.

தென்காசிக்கும் மேலகரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த மாவுக் கம்பெனியில் பல வருஷமாக லேபைப் பார்த்துக்கொண்டவள் அவள். அரிசி மாவோ மசாலாப் பொடியோ, அவள் சோதித்துச் சரி என்று சொன்னால்தான் லாரியில் ஏறும். கேரளாவுக்கென்று தனியாகப் புட்டு மாவு போடலாம் என்று முதலாளி குத்தாலிங்கம் முடிவு செய்தபோது, துறைக்கு ஒருவராக இழுத்து ஒரு டீம் அமைத்தார்கள். உமாதான் லீடர். பெயருக்குத்தான் லீடர். டீமில் யாருக்கும் அவள் மேலதிகாரி இல்லை. பர்ச்சேஸ்காரரை அவருடைய துறைத் தலைவர் கூப்பிட்டால் பேச்சுக்கு நடுவிலேயே எழுந்து போய்விடுவார். பேக்கிங்காரருக்கு மதியத்துக்கு மேல் அவர் துறையிலேயே வேலை வந்துவிடும். ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் போய் நின்று, கெஞ்சி, ஒன்றரை வருஷம் ஓட்டினாள். சேல்ஸிலிருந்து வந்த முகம்மது ஆசிக் ஒருவன்தான் கூப்பிட்டதும் வருகிறவன். செங்கோட்டைப் பையன், மலையாளம் நன்றாகப் பேசுவான். எப்படியோ மாவு நன்றாக அமைந்துவிட்டது. கொல்லம் வரை போயிற்று.

லேபில் உமாவின் நாற்காலியில் நிர்மலாதேவி இருந்தாள். உமா வேலை சொல்லிக்கொடுத்த பெண். பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"அக்கா, நீங்க உக்காருங்க."

"இரி, இரி. நான் அங்கன இருந்துக்கிடுதேன்."

"அதில்லக்கா…" நிர்மலா மேஜையில் இருந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். "எனக்கு ஆர்டர் குடுத்துட்டாங்க. தமிழ்நாடு டிவிஷன் லேபுக்கு நான்தான் இன்சார்ஜுன்னு. உங்களுக்குச் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. டீம் மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கீழே கம்பெனியையே பிரித்துப் போட்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து ஆலோசகர்கள் வந்து, துறை துறையாக இருந்ததைத் தமிழ்நாடு டிவிஷன், கேரளா டிவிஷன், ஏற்றுமதி டிவிஷன் என்று ஆக்கியிருந்தார்கள். ஆலையும் லேபும் தமிழ்நாட்டுக்கு. செங்கோட்டை குடோனும் கேரள விற்பனையும் கேரளாவுக்கு. ஆசிக்கைக் கேரளா டிவிஷனுக்குத் தலைவனாகவே போட்டுவிட்டார்கள்.

உமா மனிதவளப் பிரிவுக்குப் போய் ஜோஷ்வாவிடம் கேட்டாள். அவன் கம்ப்யூட்டரில் கீழே மேலே தேடினான்.

"உங்க பேரு அந்த டீம் கீழேயே நிக்குது மேடம்."

"அந்த டீம்தான் இல்லையே."

"அதான் என்ன செய்யன்னு தெரியல. டிவிஷன் பிரிக்கும்போது நீங்க டீம்ல இருந்தீங்க. மத்தவங்களுக்கு அவங்கவங்க துறைத் தலைவர் எடம் கேட்டு வாங்கிட்டாங்க. உங்களுக்குக் கேக்க ஆள் இல்ல, அதனால எந்த டிவிஷன்லயும் எடம் ஒதுக்கல. கேட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் மேலயே இருங்க."

மேலேயே இருந்தாள். ஐந்து பேர் இருந்த அறையில் தனியாக மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் வாரம் பழைய சோதனை முடிவுகளை ஒழுங்குபடுத்தினாள். அப்புறம் அதுவும் முடிந்துபோயிற்று. யாராவது உடைந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட மேலே வருவார்கள். "மேடம் இங்கனயா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மதியம் சாப்பிட எந்தக் கூட்டத்தோடு உட்காருவது என்று கூடத் தெரியவில்லை. லேப் பெண்கள் கூப்பிடத்தான் செய்தார்கள். அவள் போய் உட்கார்ந்தால் நிர்மலா சரியாகச் சாப்பிட மாட்டாள். அதனால் போவதை நிறுத்திக்கொண்டாள்.

இலஞ்சியில் வீட்டுக்குப் போனதும் படுத்துக்கொள்வாள். "வேலை இல்லாமச் சம்பளம் வருது. ஊர்ல அவனவன் இதுக்குத்தான் ஏங்குதான்" என்றார் கணவர் சிவசுப்பிரமணியன். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். கேலியாகத்தான் சொன்னார்.

"ஓடி ஓடி வேலை பார்த்தப்போகூட இவ்வளவு அசதி இல்ல" என்றாள் உமா. அவர் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

சாரல் தொடங்கி, குற்றாலத்தில் சீசன் களைகட்டிய நேரத்தில், கொல்லத்திலிருந்தும் புனலூரிலிருந்தும் புட்டு மாவு திரும்பி வர ஆரம்பித்தது. பாக்கெட்டைப் பிரித்தால் பூஞ்சை வாடை. மேலதிகாரிகள் எல்லோரும் அப்போது ஐந்தருவி சாலையில் ஒரு ஓட்டலில், டிவிஷன்கள் எப்படி ஒத்துப்போக வேண்டும் என்று இரண்டு நாள் பயிற்சியில் இருந்தார்கள். உமாவை உடனே அங்கே வரச்சொல்லி ஜோஷ்வா போன் செய்தான்.

ஆட்டோ நகரவே இல்லை. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாலை முழுக்க ஆட்கள். பேரருவியில் குளிக்கத் தடை போட்டதால் கூட்டம் மொத்தமும் ஐந்தருவிப் பக்கம் திரும்பியிருந்தது. கடைசியில் ஆட்டோவை விட்டு இறங்கி, தூறலில் நனைந்தபடி நடந்தாள். தான் எதற்குப் போகிறோம் என்று அவளுக்குப் புரிந்துதான் இருந்தது.

அறைக்குள் ஏசிக் குளிர் ஈரப்புடவையோடு சேர்ந்து உடம்பை நடுக்கியது. குத்தாலிங்கம் நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மேலாளர்கள். ஓரத்தில் நிர்மலாதேவி முகம் வெளிறி நின்றாள். ஆசிக் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாவு ஆலையை விட்டுப் போகும்போது நன்றாகத்தான் இருந்தது என்று ஆலைக்காரர் சொன்னார். குடோன் தங்களுடையது, ஆனால் சோதனை செய்யக் குடோனில் கருவியும் இல்லை ஆளும் இல்லை என்று ஆசிக் மெதுவாகச் சொன்னான். "அது டீம் போட்ட மாவுதானே அண்ணாச்சி. லீடர் இருக்காங்க. அவங்களே சொல்லட்டும்" என்றார் நம்பிராஜன்.

எல்லோரும் உமாவைப் பார்த்தார்கள். எந்த டிவிஷனிலும் இல்லாதவள் தலையில் போட்டால் எந்த டிவிஷனுக்கும் நோகாது. அது அவளுக்கே தெரிந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது.

"மழைக் காலத்துல செங்கோட்டை குடோன்ல மூட்டை ஈரம் இழுக்கும் அண்ணாச்சி" என்றாள். "அதனால லோடு ஏத்துததுக்கு முன்னாடி ஆசிக் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பைக்ல லேபுக்குக் கொண்டுவருவார். நான் ஈரப்பதம் பார்த்துச் சொல்லுவேன். கூடுதலா இருந்தா அந்த அடுக்கு போகாது. அது எந்தத் துறையோட வேலையும் இல்ல. நாங்களா ஒருத்தருக்கொருத்தர் பேசிச் செஞ்சது. டீமைக் கலைச்சப்போ அதை யாருக்கும் கொடுக்கல."

"அப்போ இப்ப யாரு பாக்கணும்?" என்றார் குத்தாலிங்கம்.

மேலாளர்கள் எதிரே இருந்த தாள்களைப் புரட்டினார்கள். வாயைத் திறந்தால் வேலை தன் பக்கம் வரும். அப்போது நிர்மலா அழ ஆரம்பித்தாள்.

"ஆசிக் சார் பாக்கெட்டை அனுப்பத்தான் செஞ்சாங்க. அதுல கேரளா டிவிஷன்னு இருந்துச்சு. நம்ம லேப் சிஸ்டத்துல கேரளாவுக்குக் குறியீடே இல்ல. யார்ட்ட கேக்கணும்னு தெரியாம அலமாரியில வச்சிட்டேன். பதில் வராததால லோடும் போயிருச்சு."

முதலாளி எழுந்து வெளியே போனார். தேநீருக்கு இடைவேளை விட்டார்கள். வராந்தாவில் நம்பிராஜன் உமாவின் பக்கத்தில் வந்து நின்றார். எதிரே மலையில் மேகம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு உமா. அந்தப் பிள்ளையே ஒத்துக்கிடுச்சு. அவளை எடுத்துட்டா லேப் இன்சார்ஜ் எடம் காலி. நீங்க பழையபடி வந்துரலாம். சோதிக்காம வச்சது தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தரத்தைப் பத்தி நீங்க சொன்னா அண்ணாச்சி மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

உமாவுக்கு லேபின் ஜன்னல், மாவு உலர்த்தும் அடுப்பின் சூடு, காலையில் போனதும் முதலில் தராசைத் துடைக்கும் வேலை, எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒரே ஒரு வார்த்தைதான். நாளைக்கே போய் உட்கார்ந்துவிடலாம். நிர்மலாவின் வீட்டுக்காரருக்கு ஆலங்குளத்தில் ஒரு சின்ன மொபைல் கடை, ஓடுவதும் ஓடாததுமாக. அதையும் நினைத்துப் பார்த்தாள். நினைத்த பிறகும் அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"குறியீடு இல்லாத சாம்பிளைத் தொடாதேன்னு அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் சார்" என்றாள் கடைசியில். "ஒரு பாக்கெட்டோட முடிவு இன்னொரு பாக்கெட்டுக்குப் போயிறக் கூடாதுல்லா? அவ செஞ்சது லேபுல செய்ய வேண்டியதுதான். தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்போ உங்க எடத்துக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"சரி சார்."

உள்ளே போனதும் அதையேதான் முதலாளியிடமும் சொன்னாள். அவருக்கும் இந்த டிவிஷன்கள் எல்லாம் முழுதாகப் பிடிபட்டதாகத் தெரியவில்லை.

"ஏம்மா, நீ இப்போ எதுல இருக்க?" என்று கேட்டார்.

"எதுலயும் இல்ல அண்ணாச்சி. மேல சும்மா இருக்கேன்."

"சும்மாவா? எத்தன நாளா?" அவர் ஜோஷ்வா பக்கம் திரும்பினார். ஜோஷ்வா தலையைக் குனிந்துகொண்டான். "செங்கோட்டையில போய் அந்தச் சோதனையைப் பாரு. கருவி வாங்கித் தரச் சொல்லுதேன். கேரளா டிவிஷன்லயே சேத்துக்கிடுங்க."

அவ்வளவுதான். நிர்மலா பிழைத்துக்கொண்டாள். ஓட்டல் வாசலில் உமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். "போடி, போய் முகத்தைக் கழுவு" என்று அனுப்பிவைத்தாள் உமா. நம்பிராஜன் அதன் பிறகு அவளோடு சரியாகப் பேசியதில்லை.

செங்கோட்டை குடோனில் ஆசிக் தன் மேஜையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, ஒங்களை என் கீழன்னு போட்டிருக்காங்க. எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கு. அதுக்கு என்ன செய்ய முடியும்? மேஜையை எடுத்துக்கோ. எனக்கு வெளிச்சம் வாற எடமாப் பார்த்து ஒரு பலகை போட்டுக் கொடு."

திரும்பி வந்திருந்த மூட்டைகளை அன்றைக்கு ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கெட்டதை ஒரு பக்கம், தேறுவதை ஒரு பக்கம் என்று சுமை தூக்கும் ஆட்கள் அடுக்கினார்கள். அவள் நினைத்ததைவிட அதிகமாகவே கெட்டிருந்தது. மாலைவரை குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. தலைமுடியெல்லாம் மாவு. சரக்கில் பாதியைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும் என்று ஆசிக்கிடம் சொன்னாள். அவன் யாருக்கோ போன் செய்து மலையாளத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, நாளைக்கு எந்த அடுக்கிலிருந்து ஆரம்பிப்பது என்று அவனிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

சாயந்தர ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தென்காசியில் இறங்க வேண்டும், பக்கத்து ஸ்டேஷன்தான். உட்கார்ந்ததும் கண்ணை மூடினாள். விழித்தபோது வண்டி பாவூர்சத்திரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவசரமாக இறங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தாள்.

"தூங்கிட்டேன். பாவூர்சத்திரம் வரைக்கும் வந்துட்டேன்."

"வீட்டுல வந்து படுத்தாக்கூடத் தூங்க மாட்டியே நீ" என்றார் அவர். "அங்கனயே இரு. வண்டியை எடுத்துட்டு வாறேன்."

"மெதுவா வாங்க" என்றாள். மழை ஓய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.