அலமாரியில் ஓர் இடம்

கட்டிலின் பக்கக் கம்பியை ஆர்டெல்லா விடவில்லை. நர்ஸ் முதலில் இதமாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டுக் கட்டிலைத் தள்ளத் தொடங்கினாள். அதில் ஆர்டெல்லாவின் அண்ணன் சீஃபஸ், விடிந்த பிறகு மூச்சை நிறுத்தியவர், முகம் மூடிக் கிடந்தார். கட்டில் நகர்ந்தது. கம்பியைப் பிடித்தபடி அவளும் நகர்ந்தாள்.

“எங்கம்மா கொண்டு போறீங்க?”

“கீழதான். சவ வண்டி வர்ற வரைக்கும்.”

ஆர்டெல்லாவின் குடும்பத்தில் ‘கீழ’ என்ற சொல்லை யாரும் சாதாரணமாகக் கேட்டுக்கொள்வதில்லை. கல்வர்ட்டன் பல்கலைக்கழகத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும். செத்துப்போனால் மேலே மண் விழும்வரை கூடவே இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் யாருமில்லை. அந்தக் காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கு அறுத்துப் படிக்க உடல்கள் தேவைப்பட்டன. ஆர்டெல்லாவின் முன்னோர்களான கறுப்பு அடிமைகளின் இடுகாடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. உயிரோடு இருந்தவரை அவர்களை விலைக்கு வாங்கிக் கட்டடம் எழுப்பிக்கொண்ட கல்லூரி, செத்த பிறகு விலை கொடுக்காமலே எடுத்துக்கொண்டது.

இது அறியாத ஜனங்கள் கட்டிவிட்ட கதை என்றுதான் பல்கலைக்கழகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. பிறகு கார் நிறுத்துமிடம் ஒன்றுக்காகத் தோண்டினார்கள். கதை எலும்பாக வெளியே வந்தது. ரம்பம் ஓடிய எலும்பு.

அன்றிலிருந்து பல்கலைக்கழகம் ஆழ்ந்த வருத்தத்தில் இருந்தது. வருத்தத்துக்கு ஓர் அலுவலகம், அலுவலகத்துக்கு ஒரு துணைத்தலைவர், துணைத்தலைவருக்கு உதவியாளர்கள் என்று வருத்தம் ஆண்டுதோறும் செழித்தது. எலும்புகள் மட்டும் ஆஸ்பத்திரிக்கு அடியில் பெட்டிகளில் கிடந்தன. அவற்றை ‘முன்னோர்’ என்பதா, ‘எச்சங்கள்’ என்பதா என்று முடிவுசெய்ய ஒரு குழு போட்டிருந்தார்கள். குழு இன்னும் முடிவுக்கு வரவில்லை. சந்ததியார் சார்பில் அதில் சீஃபஸ் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அங்கே பரிமாறுகிற இறாலுக்காகத்தான் குழுக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லுவார்; வரும்போது காகிதக் கைத்துண்டில் தங்கைக்கும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருவார். வருத்தப்படுகிறவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு தனி ருசி என்பது அவர் கருத்து.

லிஃப்ட்டுக்கு முன்னால் அந்த வருத்தத்தின் துணைத்தலைவரே நின்றுகொண்டிருந்தார். டாக்டர் லாசிட்டர். கோட்டில் நீல நாடா குத்தியிருந்தது. பக்கத்தில் சீஃபஸின் ஒரே மகன் ராடல். அட்லாண்டாவில் வீடு விற்கிறவன். செய்தி கேட்டதும் கிளம்பி வந்திருந்தான். லாசிட்டர் தன் வெளுத்த விரல்களால் ஆர்டெல்லாவின் ஒரு கையை எடுத்துக்கொண்டார். மற்றது கம்பியில் இருந்தது.

“மிஸ் ஆர்டெல்லா, நாம எல்லாரும் ஒரே குடும்பம்.”

வரலாற்றுப்படி அது பொய்யில்லை; எஜமானரின் பிள்ளை பிறந்த சில அடிமை வீடுகளில் ரத்தப்படியும் பொய்யில்லை. ஆர்டெல்லா கையை விடுவித்து அதையும் கம்பியில் வைத்தாள்.

லாசிட்டர் விவரித்தார். நினைவுத் தோட்டம் அமையப் போகிறது. கருங்கல் சுவர், நீரூற்று, ஓக் மரங்கள். முன்னோர்கள் அங்கே அடக்கம் செய்யப்படுவார்கள். அவர்களோடு, சந்ததியாரின் பிரதிநிதியாக, சீஃபஸும். பல்கலைக்கழகத் தலைவரே பேசுவார். அதுவரை உடலைப் பல்கலைக்கழகம் தன் பொறுப்பில் பத்திரமாக வைத்துக்கொள்ளும். மகனின் கையெழுத்து ஒன்று போதும்.

‘தலைவரே’ என்ற இடத்தில் ராடலின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததை ஆர்டெல்லா பார்த்தாள். சட்டப்படி மகன் சொல்வதுதான் செல்லும். தங்கை என்பவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வருகிறவள், அவ்வளவுதான்.

“மிஸ்டர் சீஃபஸே வாய்விட்டுக் கேட்டதுதான் இது. கூட்டத்துல எல்லாரும் இருந்தோம்,” என்றார் லாசிட்டர்.

“என்ன கேட்டாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“‘அவங்களப் புதைக்கிற அன்னிக்கு என்னையும் பக்கத்துல புதைங்க. அதுவரைக்கும் நான் காத்திருக்கேன்’னாரு. சில பேர் அழுதுட்டோம்.”

ஆர்டெல்லாவுக்கு அண்ணன் செய்துவைத்திருந்த காரியம் புரிந்தது. கூட உட்கார்ந்து இறால் தின்ற மனிதனை மண்ணுக்கு அனுப்பாமல் வைத்திருக்க இவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சத்தில் பெட்டிகளையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். ஆள் ஏறி உட்கார்ந்துவிட்டால் வண்டியை எடுத்தே தீரவேண்டும் என்பது டிரைவரின் புத்தி. இவர்கள் கூச்சப்படுகிறவர்கள் என்று நம்பியதுதான் பிசகு.

“அவங்கள எப்பப் புதைக்கிறீங்க?”

லாசிட்டர் மிக அழகாகப் பதில் சொன்னார். அவசரப்பட்டு யாருடைய மனதையும் புண்படுத்தக் கூடாது என்றார். குழுவின் அறிக்கை, அறிக்கையின் மீது கருத்துக் கேட்பு, கருங்கல் வருகிற கப்பல் எல்லாம் அந்தப் பதிலில் இருந்தன. தேதி இல்லை.

ராடல் தொண்டையைச் செருமினான். “அப்பாவே ஆசைப்பட்டிருக்காரே, அத்தை.”

அவள் அவனைப் பார்த்தாள். இங்கே அழுதால் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள், அதற்குள் கட்டில் போய்விடும்.

“போடுடா கையெழுத்து. அதுக்கு முன்னாடி உங்கப்பாவ எங்க வைக்கப் போறாங்கன்னு ஒரு தரம் பாத்துட்டு வந்து போடு.”

லாசிட்டருக்கு அதில் மறுப்பில்லை. அந்த அறையைக் காட்டுவதில் அவருக்குப் பெருமைதான். எல்லோரும் கட்டிலோடு இறங்கினார்கள்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிரும் ஈரமும் அளந்துவிடுகிற இயந்திரம் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க அலமாரி. சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள், ஒரே அளவில். ஒரு குழந்தைக்குப் பெரியதாகவும் ஆளுக்குச் சிறியதாகவும் இருக்கும் பெட்டிகள். எதிரே தியானிக்க ஒரு மர பெஞ்சு. இங்கே தின்பண்டம் கூடாது என்று ஓர் அறிவிப்பு. லாசிட்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பெட்டிகளுக்கு அடுத்தாற்போல் நீளமான எஃகு இழுப்பறை ஒன்று இருந்தது. அதன் முகப்பில் பித்தளைச் சட்டத்துக்குள் பெயரட்டை. சீஃபஸ் மேபின். பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, கோட்டுக்குப் பின்னால் காலி இடம். கீழே சாய்ந்த எழுத்தில், ‘சமூகப் பங்காளர்’.

ராடல் குனிந்து படித்தான். சட்டத்தின் திருகாணியைக் கட்டை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“இது எப்ப மாட்டினது?”

“போன வாரம்,” என்றார் லாசிட்டர். “கடைசி நேரத்துல அவசரமா செஞ்சா மரியாதையா இருக்காது பாருங்க.”

போன வாரம் சீஃபஸ் மேல்மாடியில் தலையணையில் சாய்ந்து, கூடைப்பந்து நடுவரைத் திட்டிக்கொண்டு பழக்கூழ் தின்றுகொண்டிருந்தார்.

இயந்திரம் முனகியது. ராடலின் கை அந்த அட்டையிலிருந்து மெல்ல விலகிக் கால்சட்டைப் பைக்குள் போயிற்று.

“அத்தை,” என்றான், திரும்பாமலே. “கட்டில விட்றாத.”

பிறகு லாசிட்டரிடம், சவ வண்டி எந்த வாசலுக்கு வரும் என்று விசாரித்தான். பின்வாசல்தான் வழக்கம் என்றார் அவர். தலைவரின் உரை ஏற்கெனவே தயாராகிவிட்டது என்றும் சொன்னார். முன்வாசலுக்கு வரச் சொல்லிவிட்டேன் என்றான் ராடல். இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்லும்போதே போனை எடுத்தான்.

கட்டிலைத் திருப்பும்போது ஆர்டெல்லா அலமாரியின் பக்கம் பார்க்கவில்லை. பெட்டிகளில் இருப்பவர்களோடு காத்திருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவரை அவள் தூக்கிக்கொண்டு போகிறாள். அட்டைப் பெட்டிகள் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாளே மவுண்ட் நீபோ தேவாலயத்துக்குப் பின்னால், பைன் மரங்களுக்கு அடியில் அடக்கம் நடந்தது. பல்கலைக்கழகத்தின் மலர்வளையம் சவப்பெட்டியைவிட அகலமாக இருந்ததால் அதை எங்கே சாத்துவது என்பதில் கொஞ்ச நேரம் போயிற்று. லாசிட்டர் கையை மார்பில் வைத்து நின்றார். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் பொரித்த கோழிக்கும் பேச்சுக்குமாகக் கூடத்துக்குள் போனார்கள். அவரும் போனார்.

ஆர்டெல்லா போகவில்லை. வெயில் மரங்களுக்குக் கீழே சாய்ந்திருந்தது. குழியின் மேல் மணல் புதிதாக, ஈரமாக இருந்தது. சாலையில் கார் ஒன்று வேகம் குறைத்து, பிறகு போயிற்று. அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

ராடல் வந்தான். தேவாலயத்துக் கொட்டகையிலிருந்து இலை வாரும் வாருகோல் ஒன்றை எடுத்து வந்திருந்தான். தலைமாட்டிலிருந்து தொடங்கி மணலை நேர்நேர்க் கோடுகளாக இழுத்தான். கோட்டை மிதிக்காமல், பளபளக்கும் சப்பாத்தோடு, ஓர் அடி பின்னால் வைத்து ஓர் இழுப்பு, இன்னோர் அடி, இன்னோர் இழுப்பு. இனி யார் கால் வைத்தாலும் காலையில் தெரியும்.

வேலி வாசல்வரை அப்படியே பின்னோக்கி வந்தான். அவளை முதலில் வெளியே போகவிட்டான். பிறகு வெளியே நின்றுகொண்டு, உள்ளே எட்டி, மிச்சமிருந்த தன் காலடித் தடத்தையும் வாருகோலால் இழுத்து அழித்தான்.