கார் வரைக்கும் ஒயர்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எர்லீன் காரை நேராகக் கிளப்புக்குத்தான் விட்டாள். தலையில் வெள்ளைத் தொப்பி, உடம்பில் வெள்ளை உடுப்பு, மடியில் பைபிள்; சபையில் மூத்த பெண்களுக்குத் தரும் 'மதர்' பட்டத்துக்கு உரிய கோலம். வாசலுக்கு எதிரே வழக்கமான பெக்கான் மரத்தடியில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். பக்கத்தில் அவள் புருஷன் ஹோசி, சிவப்புக் கோட்டும் சிவப்பு ஷூவுமாக, இறங்காமல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு இந்தக் கார் வரைக்கும் வந்து வாசிச்சேன்னா நான் இன்னும் வித்தைக்காரன். வர முடியலேன்னா கிடாரை வித்துடறேன்," என்றான்.

"வித்துட்டு? வீட்டுல உக்காந்து என் உசிரை வாங்கவா? போ, முதல்ல டையைச் சரி பண்ணிக்கோ."

பனிக்காலத்தில் அவனுக்கு வந்த வாதம் வலது பக்கத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு இதுதான் முதல் மேடை. உள்ளே கூட்டம் மூச்சு முட்டுகிறது என்று காரிலிருந்தே தெரிந்தது.

மிசிசிப்பியின் பருத்திக்காட்டு ஊர்களில் ஆரம்பித்துச் சிகாகோ, கடல் தாண்டி எங்கெங்கோ என்று ஹோசி கேட்லின் வாசிக்காத இடமில்லை. கிடாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிப்பான், தரையில் மல்லாந்து வாசிப்பான், விளக்குமாற்றுக் கட்டையால் வாசிப்பான். பல்லால் வாசிப்பதை மட்டும் பொய்ப்பல் கட்டிய பிறகு விட்டுவிட்டான். ஒருமுறை பல் கம்பியோடு கழன்று வந்துவிட்டது; கூட்டம் அதையும் வித்தை என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது. காசு கொடுத்து வந்தவனுக்கு எல்லாமே வித்தைதான்.

ஆனால் அவன் பெயர் நின்றது கிடாரை மேடை ஸ்பீக்கரோடு இணைக்கும் நீள ஒயரால். வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தைப் பிளந்து, வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விடுவான். பின்னாலேயே ஒயர் பாம்பாக நெளிந்து வரும். என்னமா வளைக்கிறான் ஜனத்தை என்று ஊர் உலகமெல்லாம் வாயைப் பிளந்தது.

ஜனத்தை வளைக்க அவன் வெளியே வந்ததே இல்லை. எர்லீனின் அப்பா பாப்டிஸ்ட் சபையின் போதகர். கல்யாணத்துக்கு அரை மனதோடு தலையாட்டியவர், மகளிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்: இவன் வாசிக்கிற சாராயக் கூடத்தில் நீ கால் வைக்கக் கூடாது. அவளும் வைக்கவில்லை. அவள் உள்ளே வர மாட்டாள் என்பதால் அவன் வெளியே வந்தான். நாற்பது வருஷம் அப்படித்தான் போயிற்று. கார் ஜன்னலோரம் நின்று அந்த மெதுவான பாட்டை வாசிப்பான். அவள் பைபிளிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். வாசித்து முடித்ததும், "முடிஞ்சுதா? போலாமா?" என்பாள். அவ்வளவுதான். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட ஒரு கால் உள்ளே வைத்த மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

ஹோசி இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் உள்ளே டிரம் சூடு பிடித்தது. கிடார் சத்தம் நகர ஆரம்பித்தது. எர்லீனின் கை பைபிளை இறுகப் பிடித்தது. கதவு திறந்து சிவப்புக் கோட்டு தெரிந்தது.

வாசலுக்குக் கீழே உடைந்துபோன சிமெண்டுப் படி. ஹோசியின் வலது கால் அதைத் தேடித் துழாவிவிட்டுத் திரும்பிவிட்டது. மறுபடி நீண்டது, மறுபடி திரும்பியது.

"வா ஹோசி! ரோட்டுக்கு வா! ஒயர் சுருங்கிப் போச்சா?" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். சிரிப்பு.

ஹோசி காரைப் பார்த்தான். அந்தப் பார்வையை எர்லீனால் தாங்க முடியவில்லை. அப்போது, கம்பியை மீட்டும் சின்னப் பிளாஸ்டிக் வில்லை அவன் விரலிலிருந்து நழுவி விழுந்தது. கிடார் நின்றுபோய், டிரம் மட்டும் அநாதையாக அடித்துக்கொண்டிருந்தது.

எர்லீன் இறங்கினாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் காலின் மேல், கத்தியவன் மேல், செத்து இத்தனை வருஷமான அப்பாவின் மேல்கூட. விறுவிறுவென்று நடந்து வந்து படியேறிக் கதவு நிலைக்கு வெளியே நின்றாள்.

"அட, சபையோட மதர்! உள்ள வாங்க மதர், ஒண்ணும் கடிக்காது," என்றார் கிளப் முதலாளி கிளீட்டஸ்.

"எர்லீன், போயிடு. எல்லாரும் பாக்கறாங்க," என்றான் ஹோசி மெதுவாக.

"பாக்கட்டும்."

வில்லை நிலைக்கு உள்பக்கம் கிடந்தது. அவனால் குனிய முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உள்ளே நீட்டினாள்.

"மதர், சத்தியம் போச்சே!" என்றார், அந்தப் பழைய கதை தெரிந்த கிளீட்டஸ்.

"கால் வைக்க மாட்டேன்னுதான் எங்கப்பாகிட்ட சொன்னேன். கையைப் பத்தி அவர் கேக்கவே இல்ல."

கூடம் அதிரச் சிரித்தது. அவள் வில்லையை எடுத்து ஹோசியின் விரலிடுக்கில் வைத்து, அவன் கட்டை விரலைத் தன் விரலால் அழுத்தி மூடினாள். கையை எடுக்காமல் அவன் மணிக்கட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள்.

"ஒயர் வரல. நான் வந்துட்டேன். வாசி."

அவன் அந்த மெதுவான பாட்டை வாசித்தான். முன்னைவிட மெதுவாக. அங்கங்கே தடுமாறியது. கம்பியின் நடுக்கம் அவன் மணிக்கட்டு வழியாக அவள் கைக்குள் இறங்கியது. இத்தனை வருஷம் இதைத் தொடாமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

பாட்டு முடிந்ததும் கூரை பறந்துவிடும்போல் கைதட்டல். "புது வித்தையா? அடுத்த வாரமும் இதை வை ஹோசி!" என்றார் கிளீட்டஸ்.

ஹோசியின் காதில் அது ஏறவில்லை. வழக்கமான அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தான். அவள் ஒன்றும் சொல்லாததால் தானே சொன்னான், "முடிஞ்சுது. போலாம்."

"எங்க போறது? நடுவுல ரெண்டு எடத்தை முழுங்கிட்ட. சிகாகோலேர்ந்து வந்தப்புறம் நீயா ஒரு இழுப்பு சேத்தியே, அதையும் காணோம். மறுபடி வாசி."

ஹோசி அவளையே பார்த்தான். "நீ பைபிள்தானே படிச்சுக்கிட்டிருந்த?"

"ஒரே பக்கத்தை," என்றாள் எர்லீன்.