மோட்டாரை இயக்கும் முன்

என் கடைக்கு வருகிற எல்லோரும் முதலில் சொல்வது ஒரே வசனம்தான்: "நான் ஒண்ணுமே பண்ணலை, அதுவா போச்சு." பதினேழு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். அதுவாகப் போன கம்ப்யூட்டர் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. யாராவது எதையாவது அமுக்கியிருப்பார்கள், எதையாவது கொட்டியிருப்பார்கள், கேட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இப்படி முகத்துக்கு நேரே பேசுவதால் தெருவில் எனக்குச் 'சிடுமூஞ்சி மெக்கானிக்' என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த அம்மாள் மட்டும் வேறு மாதிரி ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரைத் தூக்குவதற்குள் வந்து நின்றார்.

"ரிப்பேர் எல்லாம் வேணாம்மா. நீ வந்து பார்த்து, அது அவர்தானான்னு மட்டும் சொல்லு. அது போதும்."

அவருடைய கணவரை எனக்கு நன்றாகத் தெரியும். அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுத்தவர். டைப்பிங் சார் என்போம். நாலு மாதம் முன்பு, இந்த அம்மாள் மருந்துக் கடைக்குப் போயிருந்த அரை மணி நேரத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

"யாரும்மா? என்ன சொல்றீங்க?"

"எழுதறாரும்மா. பதினாறு நாளா. வெள்ளிக்கிழமை என் பொண்ணு வந்து என்னைக் கூட்டிட்டுப் போறா, வீட்டைக் காலி பண்றோம். அவரு இங்கதான் இருக்காருன்னா நான் எப்படிம்மா விட்டுட்டுப் போறது? ஒரு தடவை விட்டுட்டுப் போனதே போதும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாரோ வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைந்து விளையாடுகிறார்கள், துக்கத்தில் இருக்கும் மனுஷியிடம் பணம் பறிக்க அடி போடுகிறார்கள் என்று நினைத்தேன். ஸ்க்ரூ டிரைவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. பாதிச் சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டிவிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் இருந்த அறையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ஜன்னலோரம் மேஜை, அவர் உட்கார்ந்த சுழல் நாற்காலி. அந்த நாற்காலிக்குக் கம்பளி போர்த்தியிருந்தது. நன்றாக வெயில் அடிக்கிற காலம். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், மேலே தட்டு வைத்து மூடியிருந்தது.

"கம்ப்யூட்டர் பக்கத்துல தண்ணி வைக்காதீங்கன்னு தலைகீழா நின்னு சொன்னாலும் யாரும் கேக்க மாட்டீங்களா?"

"அவரு கேட்டாரும்மா," என்றார் அந்த அம்மாள்.

அதற்குப் பிறகு என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

தினமும் பத்து மணிக்கு டைப்பிங் சார் கம்ப்யூட்டரைப் போடுவாராம். அவர் போன பிறகு அந்த நேரத்துக்கு இவர் போட்டு, அவர் கடைசியாக அடித்த பக்கத்தைத் திறந்து, மத்தியானம் வரை அப்படியே வைத்திருப்பாராம். ஏதோ கம்பெனியின் தண்ணீர் மோட்டாருக்கான கையேடு அது. ஏழாம் பக்கத்தில் நின்றிருந்தது: 'மோட்டாரை இயக்கும் முன்'. அதோடு சரி. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

ஆனால் அதற்குக் கீழே எழுத்து இருந்தது. ஒட்டினாற்போல அடுத்த வரியிலேயே ஆரம்பித்து இரண்டு பக்கத்துக்கு ஓடியது.

'யாராவது இருக்கிறீர்களா.'

'தண்ணீர்.'

'குளிர்கிறது. போர்வை விழுந்துவிட்டது.'

'நீ வெளியே போனால் பயமாக இருக்கிறது.'

இதைப் படித்துவிட்டு அந்த அம்மாளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: "இது வந்த நாள்ல இருந்து நான் காய்கறிக்குக்கூடக் கீழ இறங்கலை. பக்கத்து வீட்டுல சொல்லி விட்டு வாங்கிக்கறேன். இன்னைக்குத்தான் உன் கடை வரைக்கும் வந்தேன், அதுவும் அவருகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

கடைசி வரி நேற்றையது. 'எனக்கு எல்லாம் கேட்கிறது. என்னை அனுப்பிவிடாதே.'

"முந்தாநாள்தான் என் பொண்ணுகிட்ட ஃபோன்ல பேசினேன். கம்ப்யூட்டரை யாருக்காவது குடுத்துடலாம்னு அவ சொன்னா. மறுநாள் இது வருதும்மா."

நான் முதல் காரியமாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். "இனிமே வராது பாருங்க. எவனோ வெளிய இருந்து பண்றான்," என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, திரையில் கர்சர் நகர்ந்தது. ஓர் எழுத்து வந்தது. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் இன்னொன்று. நடக்கப் பழகும் குழந்தை ஒவ்வொரு அடியாக வைப்பது போல வந்தது.

'இன்று வெயில்.'

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெயில்தான். மேஜைக்கு அடியில் குனிந்து கீபோர்டின் வயரையே உருவி எடுத்தேன். கீபோர்டைத் தூக்கிக் கட்டில் மேல் போட்டேன். நெட் இல்லை, கீபோர்டு இல்லை, எங்கள் இரண்டு பேர் கையும் சும்மா இருந்தது.

'கண் கூசுகிறது.'

அந்த அம்மாள் சத்தமில்லாமல் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். ஒரு பேச்சுக்குக்கூட நான் அவரைத் தடுக்கவில்லை. பேய் பிசாசு என்று பேசுகிறவர்களைக் கடையை விட்டே விரட்டுகிறவள் நான். அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு, பட்டப்பகலில், கை கால் ஓடாமல் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"அவர்தானே?" என்று கேட்டார்.

தொழில் என்னைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பி அதன் முதுகைத் துடைக்க ஆரம்பித்தேன். விரல் கனத்துக்குத் தூசி. அந்தத் தூசிக்குள், சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று செருகியிருந்தது. வயர் இல்லாத கீபோர்டுக்கான ரிசீவர்; முப்பது அடிக்குள் அந்தக் கீபோர்டில் தட்டுவதை வாங்கித் திரைக்கு அனுப்புவது.

அதை இழுத்தேன். எழுத்து நின்றது. ஐந்து நிமிஷம் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா பண்ணினே? போடு! திரும்பப் போடு!" அந்த அம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். நான் திரும்பச் செருகினேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. டைப்பிங் சார் போவதற்கு இரண்டு வாரம் முன்பு என் கடைக்கு வந்தார். வயர் இல்லாத கீபோர்டில் காப்பியைக் கொட்டிவிட்டார், நாலைந்து பொத்தான் ஒட்டிக்கொண்டது. கீபோர்டை மட்டும் கையில் எடுத்து வந்திருந்தார். நான் வயர் கீபோர்டு ஒன்றை விற்றுவிட்டு, பழையதை வாங்கிக் கூடையில் போட்டேன். பெட்டிக்குப் பின்னால் ரிசீவர் இருக்குமே, அதைக் கழற்றிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் பொழுது போகாத ஒரு நாள் அதை ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, ஒட்டிய பொத்தான்களை விடுவித்துக் காயவைத்தேன். மூடி தொலைந்துவிடக் கூடாதென்று பேட்டரியையும் உள்ளேயே போட்டு மூடினேன்.

மூன்று வாரம் முன்பு ஒரு பெண் கடைக்கு வந்தாள். "மாமனாருக்குப் பக்கவாதம். ஒரு கைதான் கொஞ்சம் அசையுது. விரலுக்குப் பயிற்சி குடுக்கச் சொல்றாங்க. ஓடாத கீபோர்டு எதுனா இருந்தா குடுங்களேன்." கூடையில் மேலாக இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதுவாகப் போச்சு என்று சொல்லும் முறை இப்போது எனக்கு.

"அம்மா, மேல் மாடியில யாரு இருக்காங்க?"

"ஒரு குடும்பம். பெரியவரு படுத்த படுக்கையா இருக்காராம். பேச்சு இல்லை, நினைவும் இல்லைன்னு சொல்றாங்க. ஏன்?"

என் ஃபோனிலிருந்து அவர் ஃபோனுக்குப் போட்டேன். "இதைக் கட் பண்ணாதீங்க. ஸ்கிரீன்ல என்ன வருதோ அப்படியே வாய் விட்டுப் படிங்க," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த நிமிஷத்தில் சொல்லும் மனசு எனக்கு இருந்திருக்காது.

கதவைத் திறந்தது அதே மருமகள்தான். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. கீழ் அறைக்கு நேர் மேலே இருந்த அறை அது. அதே ஜன்னல், அதே வெயில். கட்டிலில் பெரியவர் தலையணை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, கண் சுவரைப் பார்த்தபடி இருந்தது. மடியில் டைப்பிங் சாரின் கீபோர்டு. வலது கை அதன் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஆபீஸ்ல முப்பது வருஷம் டைப்பிஸ்ட். பழக்கத்துல தட்டிக்கிட்டே இருக்காரு," என்றாள் மருமகள், குரலைத் தணிக்காமல். "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என்னாலயும் முடியலை. திங்கட்கிழமை ஒரு இல்லத்துல கொண்டு போய் விடறோம்."

நான் ஃபோனில் ஸ்பீக்கரைப் போட்டுக் கட்டில் மேல் வைத்தேன். பெரியவரின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"ஐயா, நீங்க அடிக்கறது கீழ் வீட்டு ஸ்கிரீன்ல வந்துக்கிட்டிருக்கு. பதினாறு நாளா வருது. அங்க ஒருத்தங்க எல்லாத்தையும் படிச்சிருக்காங்க."

விரல்கள் நின்றன. மருமகள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்பது போலப் பார்த்தாள். ஃபோனில் அந்த அம்மாளின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கை எழுந்தது. டக். டக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக்.

ஃபோனிலிருந்து குரல் வந்தது, நடுங்கிக்கொண்டு: "நிஜமாகவா... நிஜமாகவான்னு வருதும்மா."

"நிஜம்தான் ஐயா," என்றேன்.

டக். டக். சுவரைப் பார்த்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முகத்தில் வேறு எதுவும் மாறவில்லை. இரண்டு மாடிக்கும் நடுவே அந்தப் பொத்தான் சத்தமும், பின்னாலேயே அந்த அம்மாளின் குரலும் மாறி மாறி வந்தன. விஷயம் தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள்ளேயே, எல்லோர் நடுவிலும், எத்தனை நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

"மருமகளே," என்று படித்தது ஃபோன். "திங்கட்கிழமை வேண்டாம்."

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா," என்றாள். "மாமா, நான் என்னென்ன பேசினேன். இங்கயே நின்னு பேசினேனே." முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

டக். டக்.

"தண்ணீர்," என்றது ஃபோன். அதற்கப்புறம் ஃபோனில் குரல் இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார், கையில் அந்த டம்ளர். கட்டிலைப் பார்த்தார், மடியில் இருந்த கீபோர்டைப் பார்த்தார். தன் கணவரின் கீபோர்டு அவருக்கு அடையாளம் தெரியாதா? யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேராக உள்ளே வந்து, பெரியவரின் தலையை ஒரு கையால் தாங்கி, தண்ணீரை மெதுவாகப் புகட்டினார். பாதி கன்னத்தில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டார். கீழே கிடந்த போர்வையை எடுத்துக் காலில் போர்த்தினார்.

அவர் எனக்கு முன்னால் படி இறங்கினார். நானாகத்தான், "எல்லாம் என் தப்பும்மா, நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்றேன். அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை.

அறைக்கு வந்ததும் கட்டில் மேல் கிடந்த கீபோர்டை எடுத்து, "இதை மாட்டும்மா," என்றார். மாட்டினேன். நாற்காலியிலிருந்து கம்பளியை எடுத்து மடித்துவிட்டு, முதல் தடவையாக அதில் அவரே உட்கார்ந்தார்.

"இதுல எது இவரு எழுதினது?"

"மோட்டாரை இயக்கும் முன். அது வரைக்கும்தாம்மா."

"அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையா? நான் போனா பயமா இருக்குன்னு எழுதினது?"

"இல்லைம்மா."

தலையை ஆட்டினார். மவுஸைப் பிடித்து, 'முன்' என்பதற்குப் பின்னால் கர்சரைக் கொண்டுபோய் வைத்தார். ஒற்றை விரலால் எண்டரைத் தட்டினார். மேல்வீட்டுக்காரரின் எழுத்து ஒரு வரி இறங்கியது. மறுபடி தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார், அந்த வரிகள் எல்லாம் அடுத்த பக்கத்துக்குப் போகும் வரை. ஏழாம் பக்கத்தில் அந்தப் பாதி வாக்கியமும் அதற்குக் கீழே வெள்ளையும்தான் மிச்சம்.

"இந்தக் கம்ப்யூட்டரை மேல கொண்டு போய் வெச்சிடு. அவருக்கு வேணும்," என்றார். "இந்தப் பக்கத்தை மட்டும் எனக்குப் பிரிண்ட் எடுத்துக் குடு. வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போறேன்."

"பாதி வாக்கியம்தானேம்மா இருக்கு?"

"அவ்வளவுதானேம்மா எழுதினாரு," என்றார்.