இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ் கண்

டான்யூப் ஆற்றங்கரை ரூஸே நகரத்தில், மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடுகிற டிராலி பஸ்களின் டிப்போ கேன்டீனில், மதியம் பன்னிரண்டரை மணிக்குக் குடல் சூப்பின் பூண்டு வாசனை கிளம்பும்போது, கலோயானின் மேசையைச் சுற்றி இரண்டு பேராவது நிற்பார்கள். ஒருவர் கையில் கடை விளம்பரத் தாள், இன்னொருவர் கையில் செல்போன். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். எந்த மானிட்டர் வாங்கலாம்?

கலோயான் பஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிற பிரிவில் இருந்தான். வயது முப்பத்தெட்டு. வேலையில் அவனை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் விளையாட்டு என்று பேச்சு வந்துவிட்டால் போதும், அவன் வைத்ததுதான் சட்டம். அவனிடம் இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்தது. டிப்போவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. அதை வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியும் அந்தப் பேச்சு மட்டும் பழசாகவில்லை.

"அதென்னப்பா ஹெர்ட்ஸு?" என்று ஒருநாள் டிக்கெட் பிரிவு ஸ்தாங்கா கேட்டாள்.

"அக்கா, திரையில படம் தானா அசையறதில்ல. ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை மாத்தி மாத்திக் காட்டுது. சாதா திரை செகண்டுக்கு அறுபது தடவை மாத்தும். என்னுது இருநூத்தி நாப்பது தடவை. எதிராளி சுவத்துக்குப் பின்னாலேர்ந்து தலைய நீட்டினா, உங்களுக்குத் தெரியறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிரும்."

"எங்க வீட்டுக்காரர் ராக்கியா சாராய பாட்டிலை எங்க ஒளிச்சு வெக்கறாருன்னு அதுல தெரியுமா?"

கேன்டீனே சிரித்தது. கலோயானும் சிரித்தான், ஆனால் பேச்சை விடவில்லை. "சிரிக்காதீங்க அக்கா. இதுல ஒரு தடவை கண்ணு பழகிருச்சுன்னா அப்புறம் அறுபது ஹெர்ட்ஸைப் பார்க்கவே முடியாது. தலை சுத்தும். எந்தத் திரைய வேணா காட்டுங்க, ஒரே பார்வையில எத்தனைன்னு சொல்லிருவேன்."

அந்தப் பீற்றலோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. சும்மா பீற்றிக்கொள்ளாத மனுஷன் உலகத்தில் யார்?

நகரத்தின் கம்பெனிகளுக்குள் குளிர்காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி நடக்கும். ஐந்து பேருக்கு ஐந்து பேர், அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம், ஒரு ஆட்டம் தோற்றாலும் போட்டியில் தொடரலாம். சுட்டு வீழ்த்துகிற ஆட்டம். டிப்போ அணிக்குக் கலோயான் கேப்டன். அணியில் கெட்டிக்காரன் என்றால் அது ஸ்வெத்லின்தான். ரயில் நிலைய வழித்தடத்தில் டிராலி பஸ் ஓட்டுகிறவன், கலோயானைவிட நான்கு வயது இளையவன், வாய் அதிகம் பேசாதவன். அவன் ஆடியது ஒரு பழைய அறுபது ஹெர்ட்ஸ் திரையில். ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துப்போட்ட சாமானோடு வந்தது. ஒரு மூலையில் கறுப்பாக ஒரு திட்டு வேறு.

ஜனவரியில் பால் கம்பெனி அணியிடம் தோற்றார்கள். தோல்வி என்றால் சாதாரணத் தோல்வி இல்லை, செம அடி. ஆட்டத்தின் சுற்றுகளில் எட்டில், அணியில் முதலில் செத்தது கலோயான்தான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களும் இல்லை. மறுநாள் கேன்டீனில் ஸ்வெத்லின் தட்டோடு வந்து உட்கார்ந்ததும், கலோயான் முப்பது பேர் கேட்கும்படி ஆரம்பித்தான்.

"நான் சுட்டா சுட்ட இடத்துல விழணும். பக்கத்துல ஒருத்தன் காபந்து குடுக்கணும். இவன் என்னடான்னா அந்தப் பழைய டப்பாவை வெச்சிக்கிட்டு, நேத்து நடந்ததை இன்னிக்குப் பார்த்துக்கிட்டிருக்கான்!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் கலோயானுக்கு வாய்க்கொழுப்பு கூடியது.

"தப்பு இவன்மேல இல்லப்பா. பஸ்ஸு ஓட்டற வேகத்துக்கு அந்தத் திரை போதும்."

ஸ்வெத்லின் ஸ்பூனைக் கீழே வைத்தான். அவன் கழுத்தும் காதும் சிவந்துவிட்டன. "அண்ணே, நான் நேத்து பதினேழு பேரை அடிச்சேன்," என்று மட்டும் சொன்னான். அந்தச் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. அந்த வாரமே அவன் பெயரை எடுத்துவிட்டு, கணக்குப் பிரிவு ஆசெனைக் கலோயான் சேர்த்தான். ஆசெனுக்கு ஆட்டம் சுமார்தான். ஆனால் மானிட்டர் புதுசு.

பத்து நாள் கழித்து ஸ்வெத்லின் அட்டவணைப் பிரிவுக்குப் படியேறி வந்தான். குல்லாயைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, நல்ல திரை ஒண்ணு சொல்லுங்க. வாங்கிடறேன்."

"காசு இருக்கா?"

"படகு மோட்டாரை வித்துட்டேன்."

டான்யூப் ஆற்றில் ஞாயிறுதோறும் அவன் மீன் பிடிக்கப் போவது எல்லோருக்கும் தெரியும். டிசம்பரில் கெண்டை மீன் திருநாளுக்கு டிப்போவில் பாதிப் பேர் வீட்டுச் சட்டியில் அவன் பிடித்த மீன்தான் இருக்கும். கலோயான் வீட்டுச் சட்டியிலும்தான். கலோயானோ பாலாடைக்கட்டி வைத்த பனித்ஸா ரொட்டியைக் கடித்தபடியே செல்போனில் ஒரு மானிட்டரைத் தேடிக் காட்டினான். நூற்று எண்பது ஹெர்ட்ஸ். இரண்டு நிமிஷ வேலை.

"இதை வாங்கினா என்னைச் சேர்த்துக்குவீங்களாண்ணே?"

"பட்டியல் குடுத்தாச்சேடா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அது பொய். போட்டியின் கடைசிச் சுற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிவரை கேப்டன் ஒரு பெயரை மாற்றலாம். கலோயானுக்கு அது நன்றாகவே தெரியும். மாற்றினால் எதற்கு எடுத்தாய் என்று நாலு பேர் கேட்பார்களே என்பதுதான் அவன் கவலை.

ஸ்வெத்லின் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான். ஆனாலும் மானிட்டரை வாங்கிவிட்டான்.

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை மதியம். வெளியே ஆற்றுப் பனிமூட்டம். கலோயான் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவன் மனைவி ரலிட்சா திறந்தாள். ஸ்வெத்லின் காலணியைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. என் திரைய மாட்டிட்டேன். சரியா மாட்டியிருக்கேனான்னு சந்தேகம். உங்களுத ஒரு தடவை பார்த்தா, என்னுது எவ்வளவு குறைச்சல்னு தெரிஞ்சுக்கலாம்."

கலோயானுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. "உக்காருடா, உக்காரு. பார்த்துட்டுப் போய் உன்னுதப் பார்க்கப் பிடிக்காது, அப்புறம் என்னைத் திட்டாதே," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். ரலிட்சா காபியும் அத்திப்பழ ஜாமும் கொண்டுவந்து வைத்தாள்.

ஸ்வெத்லின் மவுஸைப் பிடித்தான். அம்புக்குறியை ஒரு வட்டம் சுற்றினான். நின்றான். மறுபடி சுற்றினான். ஒரு ஜன்னலைப் பிடித்துத் திரையில் இப்படியும் அப்படியும் இழுத்தான். அவன் நெற்றி சுருங்கியது.

"எப்படி? வெண்ணெய் மாதிரி இல்ல?" என்றான் கலோயான்.

"அண்ணே... இது என்னோட பழசு மாதிரியே இருக்கு."

"போடா! உனக்குக் கண்ணு இன்னும் பழகலை. ஆட்டத்தைத் திற. மூலையில பார், செகண்டுக்கு முந்நூறு படம்னு ஓடும்."

"அந்த முந்நூறு கம்ப்யூட்டர் வரையற கணக்குண்ணே. திரை காட்டற கணக்கு இல்ல." ஸ்வெத்லின் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு செட்டிங்ஸைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் போய், ஓரிடத்தில் விரலை எடுத்துவிட்டான்.

அறுபது ஹெர்ட்ஸ்.

கலோயான் குனிந்து பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். அறுபது அறுபதாகவே இருந்தது. ஸ்வெத்லின் எழுந்து மேசைக்குப் பின்னால் தலையை நுழைத்தான்.

"கேபிள் உங்க பழைய திரையோடதுண்ணே. இதுல அறுபதுக்கு மேல போகாது. பெட்டிக்குள்ளயே ஒண்ணு குடுத்திருப்பாங்களே, புதுசு?"

பெட்டி அலமாரிக்கு மேலே இருந்தது. ரலிட்சாதான் ஸ்டூல் போட்டு எடுத்துக் கொடுத்தாள். அடியில் கேபிள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுருண்டு கிடந்தது. ஸ்வெத்லின் அதை மாட்டினான், எண்ணை இருநூற்று நாற்பதுக்கு மாற்றினான், மவுஸை அசைத்தான். ஐயோ, என்ன வழுக்கல்! அம்புக்குறி கையோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. பதினான்கு மாதத்தில் முதல் தடவையாகக் கலோயான் தன் மானிட்டரைப் பார்த்தான்.

ஸ்வெத்லின் சிரிப்பான் என்று கலோயான் காத்திருந்தான். ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லிவிட்டால்கூடப் பதிலுக்குச் சண்டையாவது போடலாம். அவன் சிரிக்கவில்லை. "இப்ப சரியாயிருச்சுண்ணே," என்றான். காபியைக் குடித்து முடித்தான். அத்திப்பழ ஜாம் நன்றாக இருக்கிறது என்று ரலிட்சாவிடம் சொன்னான். காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கதவு சாத்தியபின் கலோயான் அப்படியே நின்றான். உடம்பெல்லாம் சுட்டது.

"கடைக்காரன் சொல்லியிருக்கணும்," என்றான்.

"கடைக்காரனா அவனைக் கேன்டீன்ல வெச்சு அவமானப்படுத்தினான்?" என்றாள் ரலிட்சா. "ரெண்டு பேருக்கும் ஒரே அறுபதுதானே ஓடியிருக்கு. அப்புறம் எப்படி அவன் திரை மட்டும் உனக்கு மெதுவாத் தெரிஞ்சுது? நீ திரையையா பார்த்தே? அவன் போட்டிருக்கற டிரைவர் சட்டையைப் பார்த்தே."

அவன் பழைய கேபிளைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டான்.

திங்கட்கிழமை டிப்போவுக்குள் நுழையும்போதே அவனுக்குக் கால் கூசியது. ஸ்வெத்லின் எல்லோரிடமும் சொல்லியிருப்பான், எல்லோரும் கைகொட்டிச் சிரிப்பார்கள், அதோடு போகட்டும் என்று ஒருவிதமாக மனதைத் தேற்றிக்கொண்டு வந்தான். யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது. ஸ்வெத்லின் எப்போதும்போலக் கடைசி மேசையில் உட்கார்ந்து சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை ஸ்தாங்கா தன் செல்போனை நீட்டினாள். "தம்பி, இது எத்தனை ஹெர்ட்ஸ்னு சொல்லேன். உன் கண்ணுதான் கண்ணு."

வேறொருவனாக இருந்தால் அங்கேயே சொல்லியிருப்பான். கலோயான் என்ன சொன்னான் தெரியுமா? "அனுபவம் அக்கா, எல்லாம் அனுபவம்," என்று சொல்லி இளித்தான். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினான். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை. ஒருவன் வாயை மூடிக்கொண்டு நம் மானத்தைக் காப்பாற்றுகிறான், அந்த மானத்தை வைத்துக்கொண்டு நாம் மறுபடியும் பீற்றுகிறோம். இதைவிடக் கேவலம் உண்டா? அவனுக்கே தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது. புதன்கிழமை பசிக்கவில்லை என்று சொல்லி அவன் கேன்டீன் பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை போனான். பன்னிரண்டரை மணி. கூட்டம் நிறைந்திருந்தது. தட்டு எடுக்கவில்லை. நேராகக் கடைசி மேசைக்குப் போய் நின்றான்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க," என்றான். குரல் கீச்சென்று வந்தது. பேச்சு மெல்ல அடங்கியது.

"ஜனவரியில நாம தோத்தது ஸ்வெத்லினால இல்ல. எட்டுச் சுத்துல மொதல்ல செத்தவன் நான். இவன் பதினேழு பேரை அடிச்சான். அப்புறம்... என் மானிட்டர் பதினாலு மாசமா அறுபது ஹெர்ட்ஸ்லதான் ஓடியிருக்கு. கேபிளே தப்பு. எனக்குத் தெரியலை. ஒரே பார்வையில சொல்லுவேன்னு சொன்னேன் பாருங்க, எனக்கு ஒரு மண்ணும் தெரியலை. இவன்தான் வந்து கண்டுபிடிச்சு சரி பண்ணிக் குடுத்தான். குடுத்துட்டு உங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லலை."

பணிமனை மெக்கானிக் கிரஸ்த்யோ வாயிலிருந்த சூப்பைத் துப்பிவிட்டான். "பதினாலு மாசமா!" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. ஸ்தாங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கலோயான் அதை நின்று வாங்கிக்கொண்டான். கன்னம் எரிந்தது. சிரிப்பு அடங்கும்வரை நகரவில்லை.

"இவன் பழைய திரை வெச்சிருந்தான். பஸ்ஸு ஓட்டறான். அதனால தப்பு இவன்மேலதான் இருக்கணும்னு முடிவு கட்டிட்டேன். விலை அதிகமான சாமான் வெச்சிருந்தா நாமளும் ஒசந்துட்டோம்னு ஒரு திமிர். வேற ஒண்ணுமில்ல." சட்டைப்பையிலிருந்து அணிப் பட்டியலை எடுத்து மேசையில் வைத்தான். "இன்னிக்கு அஞ்சு மணிவரைக்கும் பேரை மாத்தலாம். அன்னிக்கு மாத்த முடியாதுன்னு சொன்னதும் பொய். என் பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுதியிருக்கேன். நீதான் கேப்டன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஸ்வெத்லின் பட்டியலைப் பார்த்தான். எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. அவன் எதற்குச் சொல்ல வேண்டும்?

"அப்ப மோட்டாரை நான் வித்திருக்க வேண்டியதே இல்ல," என்றான் மெதுவாக.

கலோயானுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாங்கித் தந்துடறேன்டா. எவ்வளவு ஆனாலும்—"

"வேண்டாம்ணே. அதை வாங்கினவன் ஆத்தோட மேல்பக்கம் கொண்டுபோயிட்டான். நான் சம்பாதிச்சு வேற வாங்கிக்குவேன்." ஸ்வெத்லின் எழுந்தான். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தான். "எனக்கு எதுவும் வாங்கித் தராதீங்க. இனிமே யாரையாவது குறை சொல்லணும்னு வாய் வந்துச்சுன்னா, மொதல்ல உங்க மேசைக்குப் பின்னால ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அது போதும்."

இரண்டு மணி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான்.