பதினைந்து மணி நேரமும் ஒரு நிமிஷமும்

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஒரு நிமிஷம்'. வருகைப் பதிவுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் அரை நாள் லீவைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார், அதனால்தான் அந்தப் பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். உண்மை வேறு. "ஒரு நிமிஷம் சார்" என்று அவர் யாருடைய மேஜைப் பக்கமாவது வந்து நின்றால், அன்றைக்கு அந்த மேஜையில் வேலை நடக்காது. அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னொருவர் ரிட்டயரே ஆகிவிட்டார் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். நரைத்தது மட்டும் நிஜம்.

அவரும் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. கூடத்தை மனைவியின் தையல் மிஷினும் பஞ்சு மூட்டைகளும் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த அம்மாள் பூனைகளுக்கு மெத்தை தைத்து ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்தார். இருந்த ஒரே நல்ல நாற்காலியில் வீட்டுப் பூனை படுத்திருந்தது. நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எல்லோரையும் முறைப்பதால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர்.

மெத்தைகள் அருமையாக இருந்தன. ஆனால் வலைப்பக்கத்தைப் பார்த்தால் யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு படத்தில் பின்னால் பாத்திரம் கழுவும் தொட்டி, இன்னொன்றில் ஈரத் துண்டு, மூன்றாவதில் அவருடைய முழங்கால், முடியோடு. படங்களைச் சுத்தம் செய்து பக்கத்தை அழகாக்க, மனைவி ஓர் இணையதளத்தில் தேடி டிசைனர் பெண் ஒருத்தியை வேலைக்கு எடுத்தார். வேறு ஏதோ ஊரில், தன் வீட்டிலிருந்தே, மணிக்கு இவ்வளவு கூலி என்று வேலை செய்பவள். வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம் என்று வேலை கொடுப்பவர் முன்கூட்டியே வரம்பு வைக்க வேண்டும். அது தீர்ந்துவிட்டால், அவள் வேலை நேரத்தை எண்ணும் தளத்தின் கணக்குக் கடிகாரம் நின்றுவிடும். பிறகு அடுத்த திங்கள்கிழமைதான்.

'வரம்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"நகரு. இது என் டிபார்ட்மென்ட்" என்று மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாவம் அந்தப் பொண்ணு. உங்க ஆபீஸ் மாதிரி லீவைக் கீவைக் கிழிச்சுடாதீங்க" என்றார் மனைவி.

வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்று வரம்பு வைத்தார். அதோடு தன் பங்குக்கு ஒரு சட்டமும் போட்டார்: தினமும் காலையில் வீடியோ அழைப்பில் ஒரு சின்ன மீட்டிங்.

"சார், மீட்டிங்கும் வேலை நேரத்துல சேருமே, பரவாயில்லையா?" என்று அந்தப் பெண் அடக்கமாகக் கேட்டாள்.

"சேராம? எங்க ஆபீஸ்ல அது ஒண்ணுதாம்மா வேலையே!" என்றார் பெருந்தன்மையோடு.

முதல் வாரம் புதன்கிழமையே வரம்பு தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. முடிந்திருந்த படங்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். அவருக்கு மூக்கில் வியர்த்தது.

"பார்த்தியா? எத்தனை பேரை மேய்ச்சிருக்கேன்! கணக்கை ஓட விட்டுட்டு இந்தப் பொண்ணு எங்கயோ டீ குடிக்கப் போயிடுது."

"முடிச்ச படத்தைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. டீ குடிக்கிற பொண்ணு இப்படியா செய்யும்?"

"அதான் சந்தேகமா இருக்கு" என்றார் அவர். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டாவது வாரம் பிறந்ததும் ஒரு ஹோட்டலிலிருந்து அழைத்தார்கள். விருந்தாளிகள் தங்கள் நாய் பூனைகளோடு வந்து தங்கும் ஹோட்டல். அறைக்கு ஒரு மெத்தை வேண்டுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலதிகாரிகள் எல்லோரும் உட்கார்ந்து வலைப்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்வார்களாம். ஃபோனை வைத்த பிறகும் மனைவி அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். இதுவரை ஒரு பூனை, ஒரு மெத்தை என்று தைத்து விற்றவர். இது கிடைத்தால் கூடத்தைப் பிடித்திருக்கும் மூட்டைகளோடு ஒரு தனிக் கடைக்கே குடிபோய்விடலாம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாப் படமும் ஏறியிருக்கணும். உங்க முழங்காலைப் பார்த்துட்டு எவனும் மெத்தை வாங்கமாட்டான்" என்றார்.

அவர் உடனே வரம்பைப் பதினைந்தாக உயர்த்தினார். காலை மீட்டிங்கையும் கண்டிப்பாக நடத்தினார். இன்னும் சொல்லப்போனால், வேலை மும்முரமாக இருப்பதால் மாலையிலும் ஒன்று சேர்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை. அன்றைய மீட்டிங்கில் ஒரு விஷயத்தை விளக்குவதற்காக, பழைய அலுவலகத்தில் நடந்த கதை ஒன்றை எடுத்துவிட்டார். பல வருஷமாக ஒருவரோடொருவர் பேசாத இரண்டு அதிகாரிகள் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. "அப்ப அந்த இருட்டுல என்ன ஆச்சுன்னா..." என்று அவர் ஆரம்பிக்கும்போது திரையில் பட்டென்று செய்தி வந்து விழுந்தது: 'இந்த வாரத்துக்கான வரம்பு முடிந்தது.'

தைத்துக்கொண்டிருந்த மனைவி மிஷினை நிறுத்தினார். "முடிஞ்சுதா? இன்னும் பாதிப் படம் அப்படியே கிடக்கே!"

"கவலைப்படாதே, ஒரு தட்டு தட்டினா இருபது" என்று அவர் வரம்பை ஏற்றப் போனார்.

"சார், வரம்பை ஏத்தினாலும் என்கிட்ட நேரம் இல்ல சார்" என்றாள் டிசைனர். "மிச்ச நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். எனக்கும் கை ரெண்டுதானே சார்?"

மனைவி வந்து திரைக்கு முன்னால் நின்றார். "ஏம்மா, நீ நல்லா வேலை செய்யறவ. பதினஞ்சு மணி நேரம் எங்கதான் போச்சு? தைரியமா சொல்லு."

அந்தப் பெண் தயங்கினாள். அவரைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். பிறகு, "மேடம், கணக்குக் கடிகாரம் ஓடும்போது அப்பப்ப என் திரையை அதுவே படம் பிடிச்சுக்கும். காட்டட்டுமா?" என்றாள்.

காட்டினாள். ஒன்றிரண்டில் மெத்தை இருந்தது. மற்றதெல்லாம் அவர்தான். வாயைத் திறந்தபடி அவர், கையை வீசியபடி அவர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அவர், மறுபடி வாயைத் திறந்தபடி அவர். ஒரு படத்தில் அவருடைய அண்ணாக்கே தெரிந்தது. பல் டாக்டர்கூட அவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க மாட்டார். ஒரு படத்தில் மட்டும் அவர் வாய் மூடியிருந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆயுள் முழுக்க அடுத்தவர் தாமதத்தைக் கண்டுபிடித்தவர் இப்படிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

மனைவிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அண்ணாக்குப் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஞ்சு மூட்டையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "ஏங்க, இது கைவிட்டுப் போச்சுன்னா?" என்றார் மெல்ல.

அந்தக் குரல் அவரை உலுக்கிவிட்டது.

"சொல்லும்மா, ஏதாவது வழி இருக்கா?" என்று டிசைனரைக் கேட்டார். அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நாளைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் ஒதுக்க முடியும் சார். அதுல முடிச்சுடலாம். ஆனா..."

"ஆனா?"

"மீட்டிங் வேண்டாம் சார்."

வரம்பை இரண்டு மணி நேரம் ஏற்றி வைத்தார். வெள்ளிக்கிழமை காலை அந்த வீடு கண்ட அமைதியை அதற்கு முன் எந்த வீடும் கண்டிருக்காது. கடிகாரம் ஓடத் தொடங்கியதும் அவர் மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே கதைகள் முட்டி மோதின. முகம் சிவந்தது. குக்கரைப் போல விசில் அடித்துவிடுவாரோ என்று மனைவி பயந்தார். மேனேஜரே கவலையோடு அண்ணாந்து பார்த்தது.

நடுவில் டிசைனரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: முகப்பில் எந்த மெத்தையை வைக்கலாம், நீலமா, சாம்பலா?

அவர் விரல் பறந்தது. நீலத்துக்கும் சாம்பலுக்கும் உள்ள வித்தியாசம், அலுவலகச் சுவருக்கு வண்ணம் அடித்தபோது நடந்த சண்டை, அதில் தன் பங்கு என்று முழுநீளத்துக்கு எழுதிவிட்டார். அனுப்பப் போகும் நேரத்தில் மனைவி இருமினார். வெறும் இருமல்தான். அவர் எல்லாவற்றையும் அழித்தார். 'நீலம்' என்று மட்டும் அனுப்பிவிட்டு, மலையேறி இறங்கியவரைப் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நேரம் தீருவதற்குள் கடைசிப் படமும் ஏறிவிட்டது. தொட்டி இல்லை, துண்டு இல்லை, முழங்கால் இல்லை. நீல மெத்தையில் மேனேஜர் மட்டும் உலகத்தையே வாடகைக்கு விட்டவரைப் போல வீற்றிருந்தது. அன்று இருட்டுவதற்குள் ஹோட்டலிலிருந்து அழைத்தார்கள். அறைக்கு ஒன்று அல்ல, இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெட்டிய துணிகளை ஒழுங்காக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். தினசரி மீட்டிங்கை ரத்து செய்து, வாரம் ஒரு செய்தி போதும் என்று அவரே எழுதி அனுப்பியிருந்தார். அப்போது ஃபோன் அடித்தது. டிசைனர்.

"என்னம்மா, இன்னிக்கு லீவாச்சே?" என்றார் பயந்துபோய். "கடிகாரம் ஓடுதா?"

"ஓடல சார். எனக்கு மூணு நாளா வேற வேலையே ஓடல. அந்த லிஃப்ட்ல, இருட்டுல, அவங்க ரெண்டு பேரும் பேசினாங்களா இல்லையா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தார். நாற்காலியிலிருந்து மேனேஜரைத் தூக்கி இறக்கினார், அவரை அதில் உட்கார வைத்தார், உள்ளே போய் சார்ஜரை எடுத்துவந்து ஃபோனில் செருகினார்.

"ஒரு நிமிஷம்மா, சொல்றேன்" என்று அவர் ஆரம்பித்தார்.